நடுவும் வேக வேண்டும்

(வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் பெண்களுக்காகக் காரைக்குடியில் நடந்த பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து உங்களோடு பேசியதில் ஒரே கேள்வியைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டீர்கள். தட்டையான அரைக் கிலோ கேக் என்றால் பயமில்லை. பொம்மைப் பாவாடை வடிவம், அரைக்கோளம், கோயில் தேர் என்று உயரமாகக் கேட்டால்தான் கை நடுங்குகிறது என்றீர்கள். ஓரம் கருகுகிறது, மேற்பாகம் கூம்பாக எழும்பி வெடிக்கிறது, கத்தி வைத்தால் நடுவில் மாவு கொழகொழவென்று இருக்கிறது. மணிவிழா வீட்டுக்குச் செய்த கேக் அப்படி ஆகிவிட்டால் பணம் மட்டுமா போகிறது, பேரும் போகிறது. பெரிய ஓவன் வாங்கட்டுமா, வெளிநாட்டு அச்சு வரவழைக்கட்டுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டுப் பரணையும் பாத்திர அறையையும் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நடு வேகாமல் போவதற்குச் சூடு குறைவு என்பது காரணம் அல்ல. சூடு போக வேண்டிய தூரம் அதிகம் என்பதுதான் காரணம். நுரைத்து எழும்பிய கேக் மாவுக்குள் எங்கு பார்த்தாலும் காற்றறைகள். வெப்பத்தை அது மெல்ல மெல்லத்தான் உள்ளே விடும். அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் அளவோடு ஒப்பிட்டால், மாவு பல நூறு மடங்கு மந்தம். நீங்கள் ஓவனின் சூட்டைக் கூட்டும்போது அந்தக் கூடுதல் சூடு நடுவுக்குப் போவதில்லை. ஓரத்திலேயே தங்கி ஓரத்தைக் கருக்குகிறது. ஓரம் முதலில் கெட்டிப்படுகிறது. நடுமாவு இன்னும் திரவமாக, இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. கூம்பும் வெடிப்பும் அப்படித்தான் வருகின்றன.

பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-இல் வெப்பம் பரவும் விதத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் உள்ள கணக்கிலிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். வெப்பம் போக வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால், நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகும். தூரம் பாதியானால் நேரம் கால் பங்கு. ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பழகிய கை, அதே மாவைப் பத்து சென்டிமீட்டருக்கு ஊற்றிவிட்டு இன்னும் இருபது நிமிடம் வைத்தால் போதும் என்று நினைக்கிறது. போதாது.

நம் வீட்டு அடுப்படி இந்தக் கணக்கைப் பேர் சொல்லாமலே போட்டு வைத்திருக்கிறது. குழிப்பணியாரக் கல்லை எடுத்துப் பாருங்கள். ஒரு பெரிய உருளியில் மாவை மொத்தமாக ஊற்றாமல், ஏன் ஏழு குழி, ஒன்பது குழி என்று பிரித்தார்கள்? ஒவ்வொரு குழியிலும் மாவின் நடு, உலோகச் சுவரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கிறது. அதையும் பாதி வெந்ததும் குச்சியால் திருப்பிவிடுகிறோம். புட்டுக்குழல் இன்னும் நுட்பமானது. ஒரு சாணுக்கு மேல் உயரம் உள்ள குழல், அடியில் ஓட்டை போட்ட சில்லு. புட்டு மாவை ஏன் பிசைந்து உருட்டாமல், நீர் தெளித்து உதிரியாக வைக்கிறோம்? உதிரிக்கு நடுவே இருக்கும் சந்துகளில் ஆவி ஏறி, குழலின் நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது. அதே மாவைக் கெட்டியாகப் பிசைந்து குழலில் அடைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் உள்ளே பச்சையாகவே இருக்கும். ஆழமான பண்டத்துக்கு உள்ளே வழி வேண்டும் என்பது பணியாரக் கல்லும் புட்டுக்குழலும் வைத்திருக்கிற நமக்குப் புதிய பாடம் அல்ல.

கேக் மாவில் சந்து விட முடியாது. அதனால் உலகில் பல ஊர்களிலும் நடுவில் ஒரு குழாயை நிறுத்தினார்கள். ஐரோப்பாவின் கூகல்ஹோஃப் அச்சு அப்படிப்பட்டது. கொழும்பில் நம் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் தெருவுக்குக் கொஞ்ச தூரத்தில், டச்சு வம்சாவளியினரான பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு 'புரோடர்' என்ற ஈஸ்ட் கேக் செய்வார்கள். அதன் அச்சும் தலைப்பாகை போல மடிப்பு மடிப்பாக, நடுவில் குழாயோடு இருக்கும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து யூதப் பெண்கள் சிலர், தங்கள் ஊர்ப் பழைய கனமான அச்சைப் போல ஒன்று வேண்டும் என்று டேவிட் டால்கிவிஸ்ட் என்பவரிடம் கேட்டார்கள். நோர்டிக் வேர் நிறுவனத்தை நடத்திய அவர் 1950-இல் அதை வார்ப்பு அலுமினியத்தில் செய்து கொடுத்தார். அதுதான் இன்று கடைகளில் நீங்கள் பார்க்கும் 'பண்ட்' டின். பல வருடம் சரியாக விற்கவில்லை. 1966-இல் ஒரு சமையல் போட்டியில் அந்த அச்சில் செய்த சாக்லேட் கேக் இரண்டாம் பரிசு வாங்கிய பிறகுதான் நாடெங்கும் தேடித் தேடி வாங்கினார்கள்.

குழாய் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பாருங்கள். இருபத்து நான்கு சென்டிமீட்டர் வட்ட டின்னில், நடுப்புள்ளி பக்கச் சுவரிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் ஆறு சென்டிமீட்டர் குழாய் வைத்தால் மாவு ஒன்பது சென்டிமீட்டர் அகல வளையமாகிவிடும். இப்போது எந்தப் புள்ளியும் ஏதாவது ஒரு உலோகச் சுவரிலிருந்து நாலரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. மடிப்புகள் அழகுக்கு மட்டுமல்ல. சுவரின் பரப்பைக் கூட்டுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த கதை இஸ்ரேலுடையது. அந்த நாடு உருவான புதிதில், 1950-களில், உணவுப் பொருள் எல்லாம் ரேஷன். பல வீடுகளில் ஓவன் கிடையாது, மண்ணெண்ணெய் அடுப்பு மட்டும். அப்போது அங்கே வீட்டுக்கு வீடு பரவியது ஓர் அலுமினியச் சட்டி. 'அதிசயச் சட்டி' என்றே அதற்குப் பேர். நடுவில் குழாய் உள்ள வளையச் சட்டி, ஓட்டை போட்ட மூடி, தீக்கு மேல் வைக்க ஒரு கனமான உலோகத் தட்டு, இவ்வளவுதான். தட்டு தீயைப் பரப்பிவிடும். சூடான காற்று குழாய் வழியாக ஏறி மூடிக்குள் திரும்பி, கேக்கின் மேற்பாகத்தையும் வேக வைக்கும். ஒரே ஒரு தீ மாவுக்குக் கீழும் நடுவிலும் மேலும் வேலை செய்கிறது. ஓவனே இல்லாத அடுப்பில் ஓவன் கேக்.

நம் பக்கத்திலும் ஆள் இருந்திருக்கிறார். தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1880-இல் ஒரு பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கினார். பர்மாவில் இருந்து அந்தத் தொழிலைக் கற்று வந்தவர் அவர். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டத் துரை இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் காட்டி, இதைப் போலச் செய்ய முடியுமா என்று கேட்டார். பாப்புவிடம் அதற்கான அச்சு இல்லை. தர்மடத்தில் ஒரு கொல்லரிடம் போய் அச்சு அடித்து வாங்கினார் என்று அந்தக் குடும்பம் இன்றும் சொல்லிவருகிறது. பிரவுன் சொன்ன பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழம், வாழைப்பழம் ஊற வைத்த ஊர்ச்சாராயம் சேர்த்தார். துரை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு டஜன் கேக் கேட்டாராம். இந்தக் கேக்கின் கதை ஒரு கொல்லன் பட்டறையில் தொடங்கியது என்று நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அச்சு இல்லை என்பது வேலையை நிறுத்தும் காரணமாக அவருக்குத் தோன்றவில்லை.

இனி நம் வேலைக்கு வருகிறேன். பொம்மை கேக்கை எடுத்துக்கொள்வோம்.

பாவாடை வடிவத்துக்குச் சிறந்தது அடி உருண்ட அலுமினியக் குண்டான். வாய் இருபது சென்டிமீட்டர், ஆழம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். வெளியே விறகடுப்புக் கரி படிந்திருந்தால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். கறுத்த பாத்திரம் ஓவனின் சூட்டை அதிகமாக வாங்கிக்கொள்ளும். பளபளப்பானது கொஞ்சம் திருப்பி விட்டுவிடும். ஆழமான கேக்குக்கு நமக்கு வேண்டியது மெதுவான ஓரம்.

அடுத்து ஒரு காபி டம்ளர். பித்தளையாக இருந்தால், உள்ளும் புறமும் வெள்ளீயம் பூசியது, அல்லது அலுமினியம். எவர்சில்வர் டம்ளர்தான் கைக்கு முதலில் வரும், ஆனால் எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பித்தளை நடுத்தரம். வெள்ளீயப் பூச்சு 232 டிகிரியில்தான் உருகும். நாம் 160-க்கு மேல் போகப்போவதில்லை, அதனால் பயம் வேண்டாம். வெறும் டம்ளரைத் தீயில் மட்டும் காட்டிவிடாதீர்கள். வெள்ளீயம் பூசுகிறவரிடம் புதிதாகப் பூசி வாங்கியது நல்லது. அங்கங்கே தேய்ந்து பித்தளை தெரிகிற டம்ளர் வேண்டாம்.

டம்ளரின் உள்ளும் புறமும் வெண்ணெய் தடவி, மைதாவைத் தூவித் தட்டிவிடுங்கள். குண்டானுக்கும் அப்படியே. டம்ளரைக் குண்டானின் நடுவில், வாய் மேலே பார்க்க, அடி தொடும்படி நிறுத்துங்கள். இப்போது சுற்றிலும் மாவு ஊற்றினால் வெறும் டம்ளர் மிதந்து சாயும். அதனால் டம்ளருக்குள்ளேயும் அதே மாவை, வெளியே இருக்கும் அதே மட்டத்துக்கு ஊற்ற வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குண்டான் பாதிக்குச் சற்று மேல் நிரம்பினால் போதும். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. டம்ளரின் விளிம்பு, மாவு எழும்பி வரும் உயரத்துக்கும் மேலே நிற்க வேண்டும். மாவு விளிம்பைத் தாண்டி வழிந்து வெந்துவிட்டால் டம்ளர் மாட்டிக்கொள்ளும்.

வெந்து இறக்கிய பின் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, டம்ளரை ஒரு திருகு திருகி நேராக மேலே இழுங்கள். வாய் அகலம், அடி குறுகல் என்பதால் சுலபமாக வரும். டம்ளருக்குள் வெந்த கேக்கைத் தட்டி எடுத்து, அதே குழியில் செருகினால் முழு கேக். பொம்மைக்கு என்றால் செருகவே வேண்டாம். குண்டானைக் கவிழ்த்ததும் அந்தக் குழி பாவாடையின் உச்சி வரை போகும். பொம்மையின் கால் அதில்தானே இறங்க வேண்டும்? டம்ளரில் வெந்த கேக் பேரப்பிள்ளைகளுக்கு.

ஐசிங்கில் பூப் போடும் ஆணியைக் கவிழ்த்து வைக்கும் முறையைச் சிலர் கேட்டீர்கள். ஆணியின் தட்டை டின்னின் அடியில் படிந்து, தண்டு மாவுக்குள் நிற்கும். நல்ல முறைதான், ஆனால் தண்டு மெல்லியது. இருபது சென்டிமீட்டர் கேக்குக்கு ஓரளவு உதவும்; முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்று பற்றாது, மூன்று வையுங்கள். என் கைக்கு டம்ளர்தான் நம்பகமானது.

நடுவுக்கு வழி செய்தாயிற்று. இனி ஓரத்தை மெதுவாக்க வேண்டும். இதற்குப் பழைய கண்டாங்கிச் சேலையை விட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. கிழிந்தபின் தூக்கிப் போடாதீர்கள். கனமான பருத்தி, தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். டின்னின் உயரத்துக்கு நாலு மடிப்பாக வரும்படி கிழித்து மடித்து, நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டி ஊக்கு குத்துங்கள். துணியில் ஈரம் இருக்கும் வரை பக்கச் சுவரின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். ஓரம் அவசரப்படாது. மேற்பாகம் கூம்பாகாமல் சமமாக எழும்பும். துணிக்கு மேல் அலுமினியத் தாள் ஒரு சுற்றுச் சுற்றினால் ஈரம் இன்னும் நேரம் நிற்கும். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டவே வேண்டாம், உருகும். துணி நுனி ஓவனின் காயிலைத் தொடக் கூடாது. இந்த முறை மூடிய ஓவனுக்கு மட்டும்தான், அடுப்புத் தீக்கு அல்ல.

ஓவன் இல்லாதவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குக்கரில் மணலோ உப்போ கொட்டி, மேலே வளையம் வைத்து, தண்ணீர் இல்லாமல் கேக் செய்வது நம் ஊரில் ரொம்ப நாளாக உள்ள பழக்கம். மணல் சூட்டைச் சேமித்துத் தருகிறது என்பார்கள். அதன் பெரிய வேலை, தீ ஓரிடத்தில் மட்டும் தாக்காமல் பரப்பி விடுவது. பொரிகடலைக்காரர் மணலில் கடலை வறுப்பதும் இதற்குத்தான். ஆனால் சோறு வைக்கும் குக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் காய்ந்தால் அடி வளையும், பாதுகாப்பு வால்வு கெடும். மறுநாள் அதே குக்கரில் பருப்பு வைக்கும்போது வால்வு சரியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? அடி கனத்த பழைய இரும்புச் சட்டியோ அலுமினிய அண்டாவோ போதும். பொருத்தமான மூடி இருந்தால் சரி.

அண்டாவில் உள்ள குறை வேறு. தீ கீழே மட்டும். ஆழமான கேக்கின் அடி சிவந்து, மேலே வெளுத்து ஈரமாக நிற்கும். மேலேயும் சூடு வேண்டும். பிரியாணிக்குத் தம் போடுவது உங்களுக்குத் தெரியும். மூடி மேல் தணலைப் பரப்புவோம். பர்மாவில் ரவை, தேங்காய்ப் பால், சர்க்கரை சேர்த்து 'சனுவின் மக்கின்' என்ற கேக்கை இப்படித்தான் செய்வார்கள்: முதலில் அடுப்பில் கிளறிக் கெட்டியாக்கி, பிறகு மூடி மேல் தணல் வைத்து மேற்பாகத்தைச் சிவக்க விடுவார்கள். கிளறும்போதே மாவு முழுவதும் சூடேறிவிடுவதால் நடு வேகாத பேச்சே இல்லை. ரங்கூன் புட்டு கிளறிய கைகளுக்கு இது சிரமமா?

தணலுக்கு நம் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரி நல்லது, நின்று எரியும். ஒரு கணக்கு நினைவில் வையுங்கள்: கேக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு தணல் மேலே, ஒரு பங்கு கீழே. பிரியாணிப் பழக்கத்தில் கீழே அதிகம் வைத்தால் அடி கருகும். தணலைக் காற்றோட்டமான முற்றத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். மூடிய அறையில் கரிப்புகை உயிரை எடுக்கும். அண்டாவில் டம்ளர் முறை நன்றாக வேலை செய்யும். ஈரத்துணி முறை தேவையில்லை, அங்கே பக்கச் சூடு ஏற்கனவே குறைவு.

ஆழத்தையே தவிர்க்கும் வழியும் உண்டு. கோவாவில் பெபிங்கா செய்கிறவர்கள் ஒரு கரண்டி மாவு ஊற்றி, மேல் தணலில் வேக வைத்து, நெய் தடவி, அடுத்த கரண்டி ஊற்றுவார்கள். ஆழம் அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. எந்த நேரத்திலும் வேக வேண்டியது ஒரு மெல்லிய அடுக்குதான். மலேயாவின் அடுக்கு கேக்கும் அப்படியே. கிரீம் வைத்த தேர் கேக் கேட்டால் நானும் நாலு சென்டிமீட்டர் கேக்குகளைத் தனித்தனியாகச் சுட்டு அடுக்கிச் செதுக்கச் சொல்வேன். பழ கேக், வெண்ணெய் கேக் போன்ற கனமானவற்றை முழு உருவமாகக் கேட்டால்தான் மற்ற வேலையெல்லாம். மென்மையான ஸ்பாஞ்சை ஆழமாகச் சுட வேண்டாம். தன் எடையைத் தானே தாங்காமல் அமுங்கிவிடும்.

மாவில் ஒரே ஒரு மாற்றம். ரோஸ் லெவி பெரன்பாம் 1988-இல் எழுதிய கேக் நூலில் அழுத்திச் சொல்வது இது: டின் பெரிதாகப் பெரிதாக, மாவின் அளவுக்குப் பேக்கிங் பவுடரின் விகிதத்தைக் குறைக்க வேண்டும். பெரிய டின்னில் நடு மெதுவாகத்தான் கெட்டிப்படும். அதற்குள் அதிகமாக எழும்பிய குமிழ்கள் உடைந்தால் நடு குழிந்துவிடும். சூடும் அப்படியே: சின்ன கேக்குக்கு 180 வைக்கிற நீங்கள், ஆழமானதுக்கு 150 முதல் 160 டிகிரி வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்திருங்கள். முதல் நாற்பது நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். ஈர்க்குச்சி நீளமாக இருக்கட்டும், அடி வரை போக வேண்டும். அதை டம்ளருக்கும் குண்டான் சுவருக்கும் நடுவே குத்துங்கள், கடைசியாக வேகும் இடம் அதுதான். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் அங்கே 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை சொல்ல மறந்துவிடக் கூடாது. இந்த ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகான எனாமல் கிண்ணங்களைப் பார்த்ததும் அச்சாக்கலாம் என்று தோன்றும். உள்ளே இருப்பது இரும்புத் தகடு. எனாமல் பெயர்ந்து கறுப்பு தெரிகிற கிண்ணத்தில் சாப்பாட்டுப் பண்டம் எதுவும் செய்ய வேண்டாம். பழைய பூச்சில் என்ன கலந்தார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அலங்காரத்துக்கு வையுங்கள்.

பாத்திரக் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்து சென்டிமீட்டர் ஆழக் குண்டானின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் அகல அலுமினியக் குழாய், மேலே சற்றுக் குறுகலாக, அடியில் கசியாமல் பற்றவைத்துத் தர முடியுமா? குழாயின் அடிவாய் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்று ஏறும். இங்கே இருக்கும் பெண்கள் அதை வாங்குவார்கள்.

பின்னால் மேசையில் மூன்று கேக் வைத்திருக்கிறோம். ஒரே மாவு, ஒரே குண்டான் அளவு, ஒரே சூடு. ஒன்றில் எதுவும் வைக்கவில்லை; இன்னொன்றில் டம்ளர்; மூன்றாவதில் டம்ளரும் ஈரத்துணியும். வெட்டியபின் ஓரத்துப் பழுப்பு வளையத்தின் கனத்தை அளவுகோல் வைத்துப் பாருங்கள், நடுவில் அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். அதற்குத்தான் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.